ஊட்டிக்கு மருத்துவக் கல்லூரி வந்தாகிவிட்டது, அடுத்த செலவு எங்கே?

நீலகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று பல காலம் கேட்டோம். கிடைத்தது. 2022 ஜனவரி 12-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் உதகமண்டலமும் ஒன்று. ஆண்டுக்கு 150 எம்.பி.பி.எஸ். இடங்கள். 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு புது மருத்துவமனையும் திறக்கப்பட்டது. அதில் 50 படுக்கைகள் பழங்குடி மக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 2011 கணக்கெடுப்பில் 7,35,394 பேர் வாழ்ந்த ஒரு மலை மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இனி வரும் பணமும் பணியிடங்களும் முதலில் எங்கே போக வேண்டும் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. மாவட்டத்தின் மருத்துவத் தேவைகளைப் பேசும் மாவட்ட சுகாதாரப் பேரவை கூடினால் ஒவ்வொருவரும் ஒரு பட்டியலோடு வருவார்கள். அறுவை சிகிச்சை மருத்துவர் தியேட்டருக்குக் கருவி கேட்பார். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் செவிலியர்களையும் வண்டியையும் கேட்பார். கல்லூரிப் பேராசிரியர் உயர் சிறப்புப் பிரிவு கேட்பார். ஊராட்சியிலிருந்து வருகிறவர்கள் ஆம்புலன்ஸ் கேட்பார்கள். ஒவ்வொன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தர எந்த அரசாலும் முடியாது என்பதால் வரிசை போட்டுத்தான் ஆக வேண்டும். நான் இந்த மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர். என் சாய்வும் மேற்கு நோக்கித்தான். அதற்கான காரணங்களைக் கீழே வைக்கிறேன், ஏற்பதும் மறுப்பதும் படிப்பவர் விருப்பம்.

முதலில் நில அமைப்பு. குன்னூரிலிருந்து ஊட்டி சுமார் 20 கிலோமீட்டர், கோத்தகிரியிலிருந்து சுமார் 30. குன்னூரில் லாலி மருத்துவமனை இருக்கிறது, கோத்தகிரியிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது, இரண்டு ஊரிலிருந்தும் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கிவிடலாம். குந்தா, மஞ்சூர் பக்கம் இன்னும் கொஞ்சம் சிரமம். நடுவட்டம் தாண்டி மேற்கே இறங்கினால் நிலைமையே வேறு. கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். நடுவில் பைக்காரா வழியாக 50 கிலோமீட்டர் மலைச்சாலை. பந்தலூர், சேரம்பாடி, அய்யன்கொல்லி பக்கத்து மக்களுக்குக் கூடலூர் வந்து சேர்வதே ஒரு பயணம். அதற்கு அப்புறம்தான் ஏற்றமே தொடங்குகிறது. அதனால் அவசரம் என்றால் அவர்கள் சுல்தான் பத்தேரி, மேப்பாடி, பெரிந்தல்மண்ணா என்று கேரளத்துக்குள் போய்விடுகிறார்கள். வாடகை ஜீப்புக்கும் தனியார் மருத்துவமனைக்கும் கடன் வாங்கிக்கொண்டு போகும் அந்தக் குடும்பங்கள் நாம் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறவர்களைக் குறித்துவைக்கும் ரெஃபர் பதிவேட்டில் வருவதே இல்லை. பதிவேட்டை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டால் மேற்குப் பகுதியின் தேவை உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

ஒரு கோரிக்கையை எடைபோட நான் ஒரே கேள்வியைத்தான் வைத்துக்கொள்கிறேன். ஜூலை மாத மழையில், இரவு இரண்டு மணிக்கு, பந்தலூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தை பெற்ற பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. இந்தச் செலவு அவளுக்கு என்ன செய்யும்? தமிழ்நாட்டில் இப்போது 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அவள் வீட்டில் இல்லை, நம் கையில்தான் இருக்கிறாள். பிரசவத்துக்குப் பிந்தைய கடும் ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடலாம் என்றுதான் எங்கள் பாடநூல்கள் சொல்லித் தருகின்றன. அவளைக் காப்பாற்ற முடிகிற ஏற்பாடு, விபத்தில் அடிபட்டவரையும் யானை தாக்கியவரையும் குடல்வால் வெடித்த பையனையும் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். அவசர வேலைக்கு வேண்டியவை அநேகமாக ஒன்றுதான்: மயக்க மருந்து கொடுக்க ஆள், அறுவை செய்ய ஆள், ரத்தம், திறந்திருக்கும் தியேட்டர்.

ஊட்டியை இன்னும் பெரிதாக்குவது

இதய ரத்தக்குழாய் சிகிச்சை, நரம்பியல் அறுவை, சிறுநீரகப் பிரிவு என்று ஊட்டியிலேயே எல்லாம் வந்துவிட்டால் கோவைக்கு ஏன் ஓட வேண்டும் என்பது கல்லூரிப் பக்கத்து வாதம். மலையிறங்கும் நேரத்தை நினைத்தால் இதில் தவறே இல்லை. மாணவர்களின் படிப்பும் செழிக்கும்.

ஆனால் என் கேள்விக்கு இதில் பதில் இல்லை. பந்தலூர்ப் பெண்ணுக்கு ஊட்டியில் எத்தனை படுக்கை இருந்தாலும் ஏறிப் போக வேண்டிய தூரம் அதேதான். மாரடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அருகில் உள்ள மருத்துவமனையிலேயே போட்டுவிட்டு, பிறகு பெரிய மையத்துக்கு அனுப்பும் முறையைத் தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்து, பலன் தருகிறது என்று 2017-இல் வெளியிட்டிருக்கிறார்கள். அதாவது இதயத்துக்குக்கூட முதல் ஒரு மணி நேரம் தாலுகா மருத்துவமனையின் வேலை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிக்கு இத்தனை பேராசிரியர், இத்தனை படுக்கை, இன்னின்ன துறை என்று தேசிய மருத்துவ ஆணையம் விதி வைத்திருக்கிறது. குறைந்தால் அங்கீகாரத்துக்கே ஆபத்து. அதனால் ஊட்டிக்கு வேண்டியதை அந்த விதியே கேட்டு வாங்கிக் கொடுத்துவிடும். கூடலூருக்கும் பந்தலூருக்கும் பின்னால் அப்படி ஒரு விதி நிற்கவில்லை. பேரவையில் நமக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தை ஊட்டிக்காகச் செலவழிக்க வேண்டாம் என்பது என் முடிவு.

ஆம்புலன்ஸ் கூட்டுவது

பொதுமக்கள் அதிகம் கேட்பது இதைத்தான். 108 சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கு முன் தேயிலை லோடு ஏற்றும் வண்டியில் நோயாளியைக் கொண்டுவந்த காலம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். வண்டி கூடினால் நல்லதுதான்.

சாலை இருந்தால். 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தபோது மலைப்பாதைகள் துண்டாகிக் கிடந்தன. 2019 ஆகஸ்ட் 8-இல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மேற்கில் தென்மேற்குப் பருவமழை ஒவ்வொரு வருடமும் மரத்தைச் சாய்த்துப் பாதையை அடைக்கிறது, இரவில் யானை குறுக்கே நின்றால் வண்டி காத்திருக்கத்தான் வேண்டும். சில ஊர்களுக்குச் சாலையே முழுசாக இல்லை. தெங்குமரஹாடா நீலகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் பவானிசாகர் பக்கம் சுற்றிவந்து மாயாற்றைப் பரிசலில் தாண்ட வேண்டும்.

வண்டிக் கணக்கில் பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. கூடலூரிலிருந்து ஒரு நோயாளியை ஊட்டிக்கு ஏற்றிப் போகும் வண்டி, அவரை இறக்கி, சேர்த்துவிட்டு, திரும்பி வந்து சேர அரை ராத்திரி போய்விடும். அந்த நேரம் முழுவதும் அது நின்றிருந்த பகுதியில் வண்டி இல்லை. ஒரு ரெஃபர் ஒருவரை ஊட்டிக்குக் கொண்டுபோகிறது, அதே சமயம் பின்னால் இருக்கும் சில ஆயிரம் பேரை வண்டியில்லாமல் விடுகிறது. ஆம்புலன்ஸ் பற்றாக்குறை என்று நாம் சொல்வதில் பாதி, பக்கத்தில் இரவில் தியேட்டர் திறக்காததால் உண்டாகும் பற்றாக்குறை. மேற்கிலேயே அறுவை நடந்துவிட்டால் இப்போது இருக்கும் வண்டிகளே கூடுதல் நேரம் தம் இடத்தில் நிற்கும். ஆகவே வண்டிகளைக் கூட்டச் சொல்வதற்கு முன்னால் அவை எங்கே போய்த் திரும்புகின்றன என்று பார்க்கச் சொல்வேன். பைக் ஆம்புலன்ஸ் எஸ்டேட் பாதையின் கடைசித் துண்டுக்கு உதவும், ரத்தம் போகும் பெண்ணை அதில் ஏற்ற முடியாது.

இதே பணத்தில் இதைவிட நன்றாக வேலை செய்வது பிரசவ காத்திருப்பு அறை. மலைவாழ் பெண்களைப் பேறுகாலத் தேதிக்குச் சில நாள் முன்பே மருத்துவமனைக்கு அருகில் தங்கவைக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அறையைக் கட்டினால் மட்டும் ஆள் வந்துவிட மாட்டார்கள். நாள் கூலிக்குத் தேயிலை பறிக்கிறவள் ஒரு வாரம் வந்து படுத்துக்கொண்டால் வீட்டில் இருக்கும் மூத்த பிள்ளைகளுக்கு யார் சமைப்பது? கூட வரும் மாமியாருக்கோ அம்மாவுக்கோ அந்த ஒரு வாரக் கூலி யார் தருவது? பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வர இடம், துணைக்கு வருபவருக்குச் சாப்பாடு, இழந்த கூலிக்கு ஈடு, இந்த மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் காத்திருப்பு அறை நிறையும்.

நிபுணர்களைப் பரப்புவதா, ஓரிடத்தில் குவிப்பதா

இங்கேதான் உண்மையான தகராறு. ஒவ்வொரு தாலுகா மருத்துவமனைக்கும் ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு மயக்க மருந்து மருத்துவர், ஒரு குழந்தை மருத்துவர் என்று கேட்பதுதான் வழக்கம். கேட்கும்போது நியாயமாகவே ஒலிக்கும். எந்த ஊரையும் விடவில்லை, எல்லோருக்கும் சமம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்த்தால், ஒரு நாற்காலியை இரவும் பகலும் நிரப்ப மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பு, பயிற்சி, காய்ச்சல், கோர்ட்டில் சாட்சி என்று சேர்த்தால் நான்கு. ஒரே ஒரு மயக்க மருந்து மருத்துவர் இருக்கும் மருத்துவமனை பகலில் மட்டும் சிசேரியன் செய்யும் மருத்துவமனை. அவர் நல்ல மனதோடு இரவிலும் வந்தால் சில மாதம் ஓடும், பிறகு உடம்பு விடாது, மாறுதல் கவுன்சலிங்கில் சமவெளிக்குப் போய்விடுவார். இப்படிப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அறிக்கையில் 'மயக்க மருந்து மருத்துவர்: உண்டு' என்றுதான் இருக்கும். அதைப் படிக்கும் சென்னை அதிகாரிக்கு இரவு இரண்டு மணி தெரியாது.

நான்கு மயக்க மருந்து மருத்துவர்களை நான்கு மருத்துவமனைகளில் ஒவ்வொருவராகப் போட்டால் நான்கிலும் இரவு மூடியிருக்கும். நான்கு பேரையும் மேற்கில் ஒரே இடத்தில் வைத்தால் அங்கே எல்லா இரவும் திறந்திருக்கும். அதனால் நான் குவிப்பதைத்தான் ஆதரிக்கிறேன். இடம் கூடலூர். மேற்குப் பகுதியின் சாலைகள் அங்கேதான் கூடுகின்றன, பந்தலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். மயக்க மருந்துக்கு நான்கு பேர், மகப்பேறுக்கு நான்கு பேர், பொது அறுவைக்கும் குழந்தைகளுக்கும் அழைத்தால் வருகிற தூரத்தில் ஆட்கள், ரத்தம் எப்போதும் இருப்பில். முழுமையான சீமாங்க் மையம், அதாவது தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் எல்லா அவசர சிகிச்சையும் தரும் மையம் என்றால் இதுதான் பொருள். பலகை மாட்டுவதால் மட்டும் ஆகிவிடாது.

நான்கு பேர் எங்கிருந்து வருவார்கள்? மூன்று வழி தெரிகிறது. ஒன்று, எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு அவசர மகப்பேறு அறுவைக்கான மயக்க மருந்துப் பயிற்சி. மத்திய அரசு அதை 18 வாரப் பயிற்சியாகத் தொடங்கியது. முழு நிபுணர் ஒருவர் கூட இருந்தால் இப்படிப் பயின்றவர்கள் பாரத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். தனியாக விட்டால் அவர்களும் பயப்படுவார்கள், நோயாளிக்கும் ஆபத்து. இரண்டு, மாவட்ட உறைவிடத் திட்டம். முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்று 2020-இல் விதி வந்தது. கோவையிலிருந்தும் பிற கல்லூரிகளிலிருந்தும் வருகிற மயக்கவியல் மாணவர்களைச் சுழற்சியில் மேற்குக்கு அனுப்பலாம், கற்றுத்தர மூத்தவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். மூன்று, ஊட்டிக் கல்லூரியின் மயக்கவியல் துறையே தன் ஆட்களைச் சுழற்சியில் இறக்கிவிடுவது. கல்லூரிக்கும் தாலுகாவுக்கும் நிர்வாகம் வேறு வேறு என்பதால் இது பேச்சளவில் நின்றுவிடுகிறது. அரசாணை ஒன்று போட்டால் நடக்கும்.

பந்தலூர்க்காரர்கள் இதை எதிர்ப்பார்கள். "எங்களுக்கு வர வேண்டியதையும் கூடலூருக்கே தூக்கிக் கொடுப்பதா?" என்ற கேள்வியை நேருக்கு நேர் சந்தித்துத்தான் ஆக வேண்டும். அவர்கள் இழப்பது உண்மை. பகல் நேரத்தில் சொந்த ஊரிலேயே நடக்கக்கூடிய அறுவைக்கு 25 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். வாரத்தில் ஓரிரு நாள் கூடலூர்க் குழுவிலிருந்து ஒருவர் பந்தலூரில் ஓ.பி. பார்ப்பதும், ஸ்கேன் எடுப்பதும், ஆபத்தான கர்ப்பங்களை அடையாளம் காண்பதும் கட்டாயமாக இந்த ஏற்பாட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பந்தலூரில் இரவு டியூட்டி மருத்துவர், பிரசவ அறை, அங்கேயே நிற்கும் வண்டி, இவை மூன்றிலும் கைவைக்கக் கூடாது. ஈடாக அவர்களுக்குக் கிடைப்பது, எந்த இரவும் ஊட்டிக்கு ஏற வேண்டியதில்லை என்ற நிலை. இந்தக் கொடுக்கல் வாங்கலை நான் பந்தலூர் மக்கள் முன் நின்றே சொல்லத் தயார்.

அப்புறம், தங்குமிடம். இதைக் கோரிக்கைப் பட்டியலின் கடைசியில் 'இதர' என்று எழுதுகிறார்கள், என்னைக் கேட்டால் முதல் வரியிலேயே வர வேண்டும். தொலைதூரப் பகுதிகளில் மருத்துவப் பணியாளர்களை நிலைநிறுத்துவது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010-இல் பரிந்துரைகள் வெளியிட்டது, 2021-இல் புதுப்பித்தது. கிராமப்புறப் பின்னணி உள்ளவர்களைப் படிக்க வைப்பது, வாழத் தகுந்த வசதி செய்து தருவது, தனிமைப்படாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அதில் இருக்கின்றன. நம் ஊரில் இதுவரை பெரிதும் நம்பியது ஊக்க மதிப்பெண். கடினமான பகுதியில் வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் முதுநிலை நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் காலத்து விதியில் வந்தது. இளம் மருத்துவர்களை மலைக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பங்கு உண்டு, அதைக் காப்பாற்றவும் வேண்டும். ஆனால் அது வரவழைக்குமே தவிர இருக்க வைக்காது. மதிப்பெண் சேர்ந்ததும் பி.ஜி. படிக்கப் போய்விடுவார்கள். படித்துத் திரும்பி நிபுணராக இங்கே வர, ஈரம் கசியாத குவார்ட்டர்ஸ் வேண்டும், அது மருத்துவமனை வளாகத்திலேயே வேண்டும். இரவு அழைப்புக்கு யானை நடமாடும் சாலையில் இரண்டு கிலோமீட்டர் வரச் சொல்லி ஒரு பெண் மருத்துவரைப் போடுவது அநியாயம். கணவன் மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்தால் இருவருக்கும் இதே தாலுகாவில் இடம் தர வேண்டும். நான்கு நிபுணர்களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் குடியிருப்பு கட்டும் செலவு, ஊட்டியில் ஒரு உயர் சிறப்புப் பிரிவு தொடங்கும் செலவோடு ஒப்பிட்டால் நிச்சயம் சிறிது.

ஊர் அளவில்: செவிலியர், ஊர் சுகாதாரப் பணியாளர், அரிவாள் செல்

என் இரவு இரண்டு மணிக் கேள்வியில் இந்தப் பகுதி தோற்பதுபோல் தோன்றும். கிராம சுகாதார செவிலியர் அறுவை செய்ய முடியாதுதான். ஆனால் அந்தப் பெண் அன்றிரவு பிழைப்பாளா என்பதில் பாதி, ஆறு மாதம் முன்பே முடிவாகிவிடுகிறது. ஹீமோகுளோபின் பதினொன்று இருக்கிறவள் தாங்கும் ரத்தப்போக்கை ஏழு இருக்கிறவள் தாங்க மாட்டாள். ஏழு என்ற அந்த அளவைப் பதினொன்றாக்கும் வேலை தியேட்டரில் நடப்பதில்லை, எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் நடக்கிறது.

நீலகிரியில் ரத்தசோகைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த மலைப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் மரபுக்கூறு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளைத்துவிடக்கூடிய பரம்பரைக் குறை, இருப்பதைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவிலிருந்து வந்த முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று. பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இன்றைக்கும் அதைப் பார்க்கிறோம். குளிரிலும் காய்ச்சலிலும் மூட்டும் நெஞ்சும் தாங்க முடியாமல் வலிக்கும். மருத்துவரே அதை அறியாமல் 'உடம்பு வலி' என்று ஊசி போட்டு அனுப்பினால் நாலாவது நாள் மூச்சுத் திணறலோடு வருவார்கள். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை ஒழுங்காகப் போட்டால் வலித்தாக்குதல்கள் குறைகின்றன, அதற்கு ரத்த அணுக்களை அவ்வப்போது எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் மத்திய அரசு 2047-க்குள் இந்த நோயை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. பரிசோதனை அட்டை கொடுப்பதோடு அது நின்றுவிடக் கூடாது. மாத்திரை மாதாமாதம் ஊருக்கு வர வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகிறது. அதே பையில் ஹைட்ராக்ஸியூரியாவையும் போலிக் அமிலத்தையும் வைப்பதற்குப் புதுத் திட்டம் எதுவும் தேவையில்லை.

ஆள் யார் என்பதுதான் இங்கே முக்கியம். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பு 1980-களின் கடைசியிலிருந்தே ஆதிவாசிப் பெண்களைச் செவிலியர்களாகவும் ஊர் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தது. அவர்கள் சொந்த ஊர்க்காரர்கள். மாறுதல் கேட்டுப் போவதில்லை, பணியர் பாஷையில் பேசுகிறார்கள், எந்த வீட்டில் எந்தப் பெண் பிரசவத்துக்கு ஜி.எச். வரப் பயப்படுகிறாள் என்று அவர்களுக்குத் தெரிகிறது. தமிழ், மலையாளம், கன்னடம், படுகு, பழங்குடி மொழிகள் என்று ஒரே ஓ.பி. வரிசையில் நிற்கும் ஊர் இது. அரசு இதைப் பின்பற்றக் கட்டடம் வேண்டாம், துணைச் செவிலியர் பயிற்சியில் உள்ளூர் ஆதிவாசிப் பெண்களுக்கும் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்கும் இடம் ஒதுக்கி, படித்து முடித்ததும் சொந்த வட்டத்திலேயே பணி தந்தால் போதும். மலைப்பகுதிக்கு 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற விதி ஏற்கெனவே உண்டு. அந்த 3,000 பேர் ஐந்து மலைச்சரிவில் சிதறிக் கிடப்பார்கள் என்பதால் எண்ணிக்கையைவிட நடக்கும் தூரத்தை வைத்து எல்லை பிரிக்கச் சொல்வேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ அறைக்கும் பெரிய செலவில்லாத சில விஷயங்கள் இருக்கின்றன. பிரசவத்தில் ரத்தம் எவ்வளவு போகிறது என்பதை எல்லோரும் கண்ணால்தான் மதிப்பிடுகிறோம், பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறோம். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்குக் கீழ் விரித்து ரத்தத்தை அளந்து, வரம்பு தாண்டியதும் மருந்துகளையும் மசாஜையும் ஒன்றாகத் தொடங்கும் முறையை நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். கடும் ரத்தப்போக்கு உள்ளிட்ட மோசமான விளைவுகள் 60 சதவீதம் குறைந்ததாக 2023-இல் வெளியானது. உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கு மரணம் குறைகிறது என்பது 2017-லேயே நிரூபணமானது. கூடலூர்த் தியேட்டர் திறந்திருந்தாலும் அங்கே உயிரோடு போய்ச் சேர இந்த இரண்டும் வேண்டும்.

பாம்புக்கடி பற்றி ஒரு வார்த்தை. விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும்தான் வேலை செய்யும். மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் கடிக்கும் குழிவிரியன் வகைகளுக்கு அது பலிக்காது. ரத்தம் உறைகிறதா என்று இருபது நிமிடம் கண்ணாடிக் குழாயில் பார்ப்பதும், சிறுநீர் அளவைக் கவனிப்பதும், தேவைப்பட்டால் டயாலிசிஸ் உள்ள இடத்துக்கு நேரத்தோடு அனுப்புவதும்தான் வழி. சமவெளியில் பயின்று இங்கே வரும் ஒவ்வொரு இளம் மருத்துவருக்கும் முதல் வாரமே இதைச் சொல்லித்தர வேண்டும்.

தொலைமருத்துவத்தையும் பலர் முன்வைக்கிறார்கள். தோல் நோய், மனநலம், அரிவாள் செல் தொடர் கவனிப்பு இவற்றுக்கு நன்றாக உதவும். மழையில் சிக்னல் போய்விடும் இடத்தில் அவசரத்துக்கு அதை நம்பக் கூடாது.

என் வரிசை

பேரவையில் ஒரே ஒரு பெரிய கோரிக்கை வைக்கலாம் என்றால் நான் வைப்பது: கூடலூரில் எல்லா இரவும் திறந்திருக்கும் தியேட்டர், அதற்கான நான்கு நான்கு பேர் கொண்ட குழு, அவர்களுக்கு வளாகத்திலேயே வீடு. கட்டடமும் ஆளும் ஒரே அரசாணையில் வர வேண்டும். பிரித்தால் கட்டடம் மட்டும் வரும்.

பணம் அதிகம் கேட்காத, ஆனால் பிடிவாதம் கேட்கிற இரண்டாவது கோரிக்கை, உள்ளூர்ப் பெண்களைச் செவிலியர்களாக்குவது. இதன் பலன் தெரியப் பல வருடம் ஆகும் என்பதால் இந்த ஆண்டே தொடங்க வேண்டும். அளவு விரிப்பும் ஹைட்ராக்ஸியூரியா விநியோகமும் கோரிக்கையாகவே வரத் தேவையில்லை, இப்போதுள்ள அதிகாரிகளே செய்துவிடலாம். காத்திருப்பு அறையில் கூலி ஈடு மூன்றாவது. கூடுதல் ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகு. ஊட்டியின் உயர் சிறப்புப் பிரிவுகள் தம் வழியில் வரட்டும்.

நான்கு பேரும் ஒரே சமயத்தில் கிடைப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. முதல் ஆண்டில் இரண்டு மயக்க மருந்து மருத்துவர்கள்தான் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களை வைத்து வாரம் முழுவதும் திறந்திருப்பதாக அறிவித்தால் ஆறு மாதத்தில் இருவரையும் இழப்போம். எந்தெந்த இரவுகளில் தியேட்டர் திறந்திருக்கும் என்று மாதத் தொடக்கத்திலேயே பட்டியல் போட வேண்டும். அது மேற்கிலுள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், ஆதிவாசி மருத்துவமனைக்கும், எஸ்டேட் மருந்தகங்களுக்கும், 108 கட்டுப்பாட்டு அறைக்கும் போய்ச்சேர வேண்டும். மூடியிருக்கும் இரவு என்றால் ஆபத்தான கர்ப்பிணியை அன்று மதியமே வெளிச்சத்தில் ஊட்டிக்கு அனுப்பிவிடலாம். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழும், தாலுகா மருத்துவமனைகள் நலப்பணிகள் இணை இயக்குநரின் கீழும், ஊட்டி மருத்துவமனை கல்லூரி முதல்வரின் கீழும் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் மூன்று அலுவலகமும் கையெழுத்திட வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை, அடுத்த மாதமே தொடங்கலாம்.